பார்கின்சன் நோய்க்கு நடன வகுப்பா? குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பார்கின்சன் என்று மருத்துவர் சொன்னதும் மாத்திரை, நடைப்பயிற்சி, பிசியோதெரபி என்று ஒரு பட்டியல் வீட்டுக்கு வந்துவிடும். அதில் நடனம் இருப்பது அபூர்வம். யாராவது சொன்னாலும் "நடக்கவே தடுமாறுகிறார், இதில் ஆட்டம் வேறா?" என்று பேச்சு அடங்கிவிடும். உலகத்தில் பல ஊர்களில் பார்கின்சன் உள்ளவர்கள் வாரம் தவறாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், நம் வீட்டில் ஒருவருக்கு இது ஆகுமா என்பது பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகள் இங்கே இருக்கின்றன.

கை நடுங்குகிறது, கால் ஒட்டிக்கொள்கிறது. இவரால் எப்படி ஆட முடியும்?

முடியும். வகுப்பில் ஏறக்குறைய பாதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தேதான் ஆடுகிறார்கள். நிற்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பியோ நாற்காலியின் முதுகோ இருக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கை, தோள், முகம் என்று இருப்பதைக் கொண்டு வகுப்பு முழுவதும் ஆடுகிறார்கள்.

பார்கின்சனில் பக்கவாதம் மாதிரி கை கால் செயலிழந்து போவதில்லை. அசைவைத் தொடங்குவது, அதன் அளவையும் வேகத்தையும் பிடித்து வைப்பது, இங்கேதான் சிக்கல். சமதரையில் கால் ஒட்டிக்கொண்டு நிற்கிறவர் மாடிப்படியில் மளமளவென்று ஏறிவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். "வேண்டுமென்றே செய்கிறாரோ" என்று மனதுக்குள் ஒரு சந்தேகம்கூட வரும். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஒவ்வொரு படியும் அவர் கண்ணுக்கு "இங்கே கால் வை" என்று காட்டுகிறது. அந்தக் குறிப்பு கிடைத்ததும் கால் போகிறது. சமதரை அவருக்கு எந்தக் குறிப்பும் தருவதில்லை. நடன வகுப்பில் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. தாளம் இருக்கிறது, எதிரே ஆடுகிறவரின் உடல் இருக்கிறது, ஆசிரியரின் குரல் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவரின் கை இருக்கிறது.

இது எங்கே தொடங்கியது?

நியூயார்க் நகரத்தின் ப்ரூக்ளினில், 2001ஆம் ஆண்டு. அமெரிக்க நடன அமைப்பாளர் மார்க் மோரிஸின் நடனக் குழு அந்த ஆண்டுதான் அங்கே தன் புதிய கட்டடத்தைத் திறந்திருந்தது. ப்ரூக்ளின் பார்கின்சன் குழு என்ற உதவிக் குழுவை நடத்திவந்த ஒலி வெஸ்ட்ஹைமர் என்ற பெண்மணி அவர்களிடம் போய், தன் குழுவினருக்கு ஒரு நடன வகுப்பு வேண்டும் என்று கேட்டார். அவர் உடற்பயிற்சி வகுப்பு கேட்கவில்லை, நடன வகுப்புதான் கேட்டார். அசைவை யோசித்து, திட்டமிட்டு, இசையோடு பொருத்திச் செய்வது நடனக் கலைஞர்களின் தொழில். பார்கின்சன் வந்தவர்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதும் அதுதான் என்பது அவர் எண்ணம். குழுவின் நடனக் கலைஞர்களான டேவிட் லெவென்தால், ஜான் ஹெகின்பாதம் முதலானோர் வகுப்பெடுத்தார்கள். லெவென்தால் பிற்பாடு மேடையை விட்டுவிட்டு இந்தப் பணிக்கே முழுநேரமாக வந்துவிட்டார்.

'டான்ஸ் ஃபார் பிடி' (பிடி என்பது பார்கின்சன் நோயின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற அந்தத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வகுப்பு நடத்துகிறார்கள். லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் பாலே 2008இல் தன் வகுப்பைத் தொடங்கியது. இத்தாலியின் பசானோ தெல் கிராப்பா என்ற சிறு நகரத்தில் 2013 முதல் அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஓவியங்களுக்கு நடுவில் ஆடுகிறார்கள். இந்தியாவில் புனேயில் சமகால நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார், அங்குள்ள பார்கின்சன் உதவிக் குழுவினரோடு சேர்ந்து பல ஆண்டுகளாக வகுப்பு நடத்திவந்திருக்கிறார்.

இசை கேட்டதும் உடல் நகர்கிறதே, அது எப்படி?

மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதுதான் பார்கின்சன். டோபமைன் குறையும்போது, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் சில நரம்புத் திரள்கள் தடுமாறுகின்றன. பழகிப்போன அசைவுகளை நாம் யோசிக்காமலே செய்ய வைப்பவை அவை. எழுந்திருப்பது, திரும்புவது, நடக்கும்போது கை வீசுவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. உள்ளே ஓடும் ஒரு கடிகாரம்போல நேரத்தைக் கணக்கிட்டுத் தருவதும் அவைதான். அந்தக் கடிகாரம் பழுதாகும்போது அடி சிறுத்துப்போகிறது, வேகம் ஏறுமாறாகிறது, கால் நின்றுவிடுகிறது.

வெளியிலிருந்து ஒரு சீரான தாளம் வந்தால், மூளை அந்தப் பழுதான வழியை அதிகம் நம்பாமல், சிறுமூளை வழியாகவும் காதையும் அசைவையும் இணைக்கும் மற்றப் பகுதிகள் வழியாகவும் காலை நகர்த்த முடிகிறது. தாளத்துக்கு நடக்கப் பழக்கினால் அடியின் நீளமும் வேகமும் கூடுவதை 1990களிலேயே ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். பார்கின்சன் உள்ளவரின் அசைவு சிறுத்துக்கொண்டே போகும். கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல ஆகிவிடும். ஆனால் அவருக்குத் தான் வழக்கம்போலத்தான் செய்கிறோம் என்றே தோன்றும். "கையைப் பெரிதாக நீட்டுங்கள்" என்று நூறு முறை சொல்லியும் பலன் இருக்காது. "பரணில் இருக்கிற பாத்திரத்தை எடுங்கள்" என்றால் கை தானாக உயரப் போகும். நல்ல நடன ஆசிரியர் இப்படித்தான் பேசுவார். தசையின் பெயர் அவர் வாயில் வராது.

ஒரு வகுப்பு எப்படி இருக்கும்?

ப்ரூக்ளின் வகுப்பு 75 நிமிடம். அங்கே ஒலிநாடா ஓடுவதில்லை. பியானோ கலைஞர் ஒருவர் உட்கார்ந்து நேரில் வாசிப்பார். ஆடுகிறவர்கள் தயங்கினால் இசையும் காத்திருக்கும், அவர்கள் உற்சாகமானால் இசையும் விரியும். இந்த ஒரு விஷயத்துக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். நேரில் இசைப்பவர் கிடைத்தால், அது ஒரே ஒரு மிருதங்கம் என்றாலும், விட்டுவிடாதீர்கள்.

முதலில் எல்லோரும் வட்டமாக நாற்காலியில். கழுத்து, தோள், முதுகு மெதுவாக விழித்துக்கொள்ளும். கைகள் மேலே போய் இறங்கும். விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். பாதம் தரையைத் தட்டும், குதிகால் தட்டும், பிறகு இரண்டும் மாறி மாறி. ஒவ்வொரு அசைவும் முந்தைய அசைவோடு கோக்கப்பட்டு ஒரு சிறு ஆட்டமாக ஆகிவிடும். அதனால் நினைவுக்கும் வேலை உண்டு. அப்புறம் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது. பிறகு அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, இரண்டு இரண்டு பேராக, தாளத்தோடு நடந்து போவது. மார்க் மோரிஸின் மேடைப் படைப்புகளில் வரும் அசைவுகளையே எளிமையாக்கிக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. கடைசியில் எல்லோரும் கைகோத்து வட்டமாக நின்று ஒருவருக்கொருவர் வணங்கி விடைபெறுவார்கள்.

துணைக்கு வந்த மனைவியோ மகனோ சுவரோரம் உட்கார்ந்து செல்போன் பார்ப்பதில்லை. அவர்களும் ஆடுகிறார்கள். வட்டத்தில் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று சட்டென்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பிசியோதெரபி ஏற்கெனவே நடக்கிறது. அப்புறம் எதற்கு நடனம்?

பிசியோதெரபியை நிறுத்தவே கூடாது. விழாமல் படுக்கையிலிருந்து எழுவது, குறுகிய இடத்தில் திரும்புவது போன்றவற்றை ஒருவரின் தேவை பார்த்துச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. நடன ஆசிரியர் அதைச் செய்ய முடியாது.

ஆனால் பத்து முறை காலைத் தூக்குங்கள், பத்து முறை கையை மடக்குங்கள் என்பதை எத்தனை மாதம் ஒருவர் தானாகச் செய்வார்? பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது வாரமே அந்தக் காகிதம் அலமாரிக்குள் போய்விடுகிறது. நடன வகுப்புக்குப் போகிறவர் அங்கே நோயாளி இல்லை, மாணவர். புதிதாக ஒன்றைக் கற்கிறார், தப்பு விடுகிறார், அடுத்த வாரம் சரியாக ஆடுகிறார். அந்த ஆர்வம்தான் அவரைத் திரும்ப வர வைக்கிறது. பார்கின்சனில் மனச்சோர்வும் எதிலும் பற்றில்லாமல் போவதும் மிகச் சாதாரணம். அவை நோயின் பகுதியே. வாரம் ஒருமுறை சட்டை மாற்றிக்கொண்டு கிளம்ப ஒரு காரணம் இருப்பதே அதற்குப் பெரிய மருந்து.

ஆகவே நடனத்தை வெறும் முலாம் பூசிய உடற்பயிற்சியாக நினைத்து நடத்தாதீர்கள். அழகை எடுத்துவிட்டால் அதன் பலமும் கூடவே போய்விடும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? குணமாகுமா?

குணமாகாது. பார்கின்சனை முழுவதுமாகக் குணப்படுத்தும் வழி இன்றைக்கு எதுவும் இல்லை. நடனத்தால் குணப்படுத்துவதாக யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரயன் டங்கனும் காமன் எர்ஹார்ட்டும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. பார்கின்சன் உள்ள 62 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரை வாரம் இரண்டு முறை, ஓராண்டு முழுவதும் ஜோடியாக ஆடும் டாங்கோ நடனத்தை ஆட வைத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல இருந்தார்கள். ஆண்டு முடிவில் மருந்தின் தாக்கம் இல்லாத நிலையில் சோதித்தபோது, ஆடியவர்களின் அசைவுக் கோளாறு மதிப்பெண் (குறைந்தால் நல்லது) 28.7 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை.

கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கரோலினா பேர்ஸும் ஜோசப் டிசூசாவும் 2021இல் வெளியிட்டது இன்னும் நீண்ட காலம் பார்த்த ஆய்வு. வாரம் ஒரு வகுப்பு ஆடிவந்த 16 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஆடாத 16 பேரோடு ஒப்பிட்டபோது, ஆடியவர்களின் அசைவுத் திறன் அந்தக் காலத்தில் பெரிதாகச் சரியவில்லை. பதினாறு பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதோடு, ஆட வருகிறவர்கள் முன்பே சுறுசுறுப்பானவர்களாக இருந்திருக்கலாம். அதை மறக்காமல்தான் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்து, சுமார் 8,000 பேரின் தரவுகளோடு உடற்பயிற்சி பற்றி ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அசைவுக் கோளாறுகளில் நடனம் ஓரளவு நல்ல பலன் தருவதாக அது சொல்கிறது. மற்றப் பயிற்சிகளும் பெரும்பாலும் பலன் தருகின்றன, ஒன்று மற்றொன்றைவிட மிக உயர்ந்தது என்று சொல்ல ஆதாரம் குறைவு என்பதும் அதே மதிப்பீட்டில் இருக்கிறது. எனக்கு அது நல்ல செய்தியாகவே படுகிறது. எதை விரும்பித் தொடர்வாரோ அதைச் செய்யலாம் என்றல்லவா பொருள்?

எல்லா ஆய்விலும் டாங்கோ வருகிறதே, ஏன்?

டாங்கோவில் பின்னோக்கி நடக்க வேண்டும், நடுவில் சட்டென்று நிற்க வேண்டும், மறுபடி தொடங்க வேண்டும், திரும்ப வேண்டும். பார்கின்சன் உள்ளவருக்கு வீட்டில் கஷ்டமாக இருப்பவை சரியாக இவைதான். கூடவே, கையைப் பிடித்திருக்கும் துணையின் அழுத்தம் எப்போது நகர வேண்டும் என்று உடலுக்கே சொல்லிவிடுகிறது. டாங்கோ பிறந்த புவெனஸ் அயர்ஸில் ராமோஸ் மெஹியா மருத்துவமனையில் இதற்கென்றே பட்டறை நடக்கிறது. மற்றபடி டாங்கோவில் மந்திரம் ஏதும் கிடையாது. வால்ட்ஸ், ஐரிஷ் நடனம், பாலே எல்லாவற்றையும் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் பரதநாட்டியம், கும்மி, கோலாட்டம்?

ஏன் கூடாது? நம்மிடம் இருப்பதை வைத்து யோசித்துப் பார்க்கலாம்.

பரதநாட்டியத்தில் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியை விட்டுவிடுங்கள். அறுபது, எழுபது வயது முழங்காலுக்கு அது தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே தட்டடவின் முதல் வகையைப் பாதத்தால் தட்டலாம். ஆசிரியர் தட்டுக்கழியில் தாளம் போட, எல்லோரும் "தெய்யா தெய்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்ட வேண்டும். பார்கின்சனில் குரலும் தேய்ந்துபோவதால், சொல்லுக்கட்டை உரக்கச் சொல்வது குரலுக்கும் வேலை கொடுக்கிறது. முத்திரைகள் விரல்களுக்கு. விரல்கள் சேர்ந்து நீண்டிருக்கும் பதாகத்திலிருந்து, தாமரைபோல விரியும் அலபத்மத்துக்கு மாறும்போது ஒவ்வொரு விரலும் தனித்தனியாக விரிய வேண்டியிருக்கிறது. சட்டைப் பொத்தான் போடத் திணறும் விரல்களுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

அபிநயத்தை நான் இன்னும் உயரத்தில் வைப்பேன். பார்கின்சன் முகத் தசைகளையும் இறுக்கிவிடுகிறது. சிரிப்பு வந்தாலும் முகத்தில் தெரியாது. "எப்போது பார்த்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்" என்று பேரப்பிள்ளைகள்கூட விலகிப்போவார்கள். கோபம், வியப்பு, சிரிப்பு என்று முகத்தால் ஆடச் சொல்லும் கலை கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

கும்மியில் கைதட்டல், பக்கவாட்டு அடி, வட்டம் மூன்றும் இருக்கின்றன. குனிந்து தட்டுவதை மட்டும் தவிர்க்கலாம். கோலாட்டத்தை முதலில் தன் இரண்டு கோல்களையே தட்டிப் பழகி, பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவரோடு தட்டலாம்.

அப்பா வெட்கப்படுகிறார். வரவே மாட்டேன் என்கிறார்.

நடுங்கும் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்கிறவர், கல்யாண வீட்டில் காபி டம்ளர் தளும்பும் என்று பந்திக்கே போகாதவர், ஆட வரச் சொன்னால் தயங்கத்தான் செய்வார். இது பிடிவாதம் இல்லை. பல வருடம் பிறர் பார்வையைத் தாங்கிய களைப்பு.

"சிகிச்சைக்குப் போகலாம்" என்றும் சொல்ல வேண்டாம், "டான்ஸ் கிளாஸ்" என்றும் சொல்ல வேண்டாம். "பாட்டுப் போடுகிறார்களாம், ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து ஆடுங்கள். எல்லோருக்கும் கை நடுங்கும் ஓர் அறைக்குள் போனதும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவருக்கே புரியும். கண்ணாடி பதித்த அறையாக இருந்தால் திரை போட்டு மூடச் சொல்லுங்கள். தன் உருவத்தைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. இரண்டு முறை வந்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தல் வேண்டாம்.

மாத்திரைக்கும் வகுப்பு நேரத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரம், அதன் வேகம் இறங்கும் நேரம் என்று நாளுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் இருக்கும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வகுப்பு வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் கால் லேசாக இருக்கிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்தாலே தெரிந்துவிடும். வகுப்புக்காக மாத்திரையின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்றக் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை வேளை வகுப்பு நடுவில் வந்தால், பையில் மாத்திரையும் தண்ணீரும் இருக்கட்டும்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மைதான். அதற்காக, ஆடத் தெம்பு வேண்டும் என்று அந்தப் பொடியை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். மருந்தின் அளவு கூடிப்போய் உடல் தானாக நெளியத் தொடங்கும், ரத்த அழுத்தம் இறங்கும்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தப் பயம் நியாயமானது. தொடங்கும் முன் நரம்பியல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அடிக்கடி விழுகிறவர், இதய நோய் உள்ளவர், எலும்பு பலவீனமானவர் என்றால் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். மூளைக்கு மின்தூண்டல் தரும் டிபிஎஸ் கருவி பொருத்தியவர்களும் ஆடலாம். அறுவை சிகிச்சை முடிந்து எப்போது தொடங்குவது என்பதை மட்டும் அந்த மருத்துவர் சொல்லட்டும்.

பார்கின்சனிலும் அதன் மருந்துகளாலும் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது உண்டு. உட்கார்ந்த ஆட்டத்திலிருந்து நிற்கும் ஆட்டத்துக்கு மாறும்போது அரை நிமிடம் பொறுங்கள். திரும்பும்போது நின்ற இடத்திலேயே காலைத் திருகாமல், பெரிய வளைவாக நடந்து திரும்பப் பழக்குங்கள். கால் உறைந்து நின்றுவிட்டால் கையைப் பிடித்து முன்னால் இழுக்காதீர்கள். இழுத்தால் மேல் உடம்பு வரும், கால் வராது, விழுவார். நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக எடையை மாற்றச் சொல்லி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, மூன்றில் பெரிய அடியாக வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் வகுப்பு இல்லை. வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். 'டான்ஸ் ஃபார் பிடி' திட்டத்தில் இணையவழி வகுப்புகளும் வீட்டிலிருந்து பார்த்து ஆடும் வீடியோக்களும் உண்டு. மொழி புரியாவிட்டாலும் பார்த்துச் செய்ய முடியும்.

நாற்காலியில் கவனம் வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் லேசான பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், சாய்ந்தால் கால் விரியும். அது வேண்டாம். கனமான மர நாற்காலி, கைப்பிடி இல்லாதது, முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். வெறும் சாக்ஸோடு டைல்ஸில் நிற்கக் கூடாது. அடிப்பகுதி கெட்டியான ரப்பர் செருப்பும் சரிப்படாது, தரையைப் பிடித்துக்கொண்டு தடுக்கிவிடும். மிதியடி, வயர் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிடுங்கள். யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பாட்டை அவர் தேர்ந்தெடுக்கட்டும். அவர் இருபது வயதில் விரும்பிக் கேட்ட பாட்டு என்றால் இன்னும் நல்லது. தாளம் தெளிவாகவும், அவர் நடக்கும் வேகத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். குத்துப்பாட்டு வேகத்துக்குப் போனால் அடி இன்னும் சிறுத்து, முன்பக்கமாக ஓடத் தொடங்கிவிடுவார். பதினைந்து நிமிடத்தில் ஆரம்பித்தால் போதும்.

நான் நடன ஆசிரியை. இப்படி ஒரு வகுப்பு தொடங்க ஆசை. என்ன வேண்டும்?

முதலில் பார்கின்சன் பற்றிப் படியுங்கள், முடிந்தால் 'டான்ஸ் ஃபார் பிடி' போன்ற ஒரு பயிற்சியை முடியுங்கள். பக்கத்து மருத்துவமனையில் ஒரு நரம்பியல் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தரைத்தளத்தில் அல்லது லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இடம் பாருங்கள், கழிப்பறை அருகில் இருக்கட்டும். நிற்கும் ஆட்டத்தின்போது தடுமாறக்கூடியவர்கள் பக்கத்தில் நிற்க இரண்டு மூன்று தன்னார்வலர்கள் தேவை. உங்கள் மூத்த மாணவிகளே போதும்.

ஒரே அசைவை உட்கார்ந்து ஆடும் விதம், பிடித்துக்கொண்டு ஆடும் விதம், தனியாக நின்று ஆடும் விதம் என்று மூன்றாகத் தயாரித்துக்கொண்டு போங்கள். யார் எதைச் செய்கிறார்கள் என்று சுட்டிக்காட்ட வேண்டாம். பேசிக்கொண்டே ஆடச் சொல்லாதீர்கள். இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வது ஆரம்பத்தில் அவர்களுக்குக் கடினம். பாடிக்கொண்டே ஆடுவதும் சொல்லுக்கட்டைச் சொல்லிக்கொண்டே ஆடுவதும் வேறு, அவை தாளத்தோடு சேர்ந்தே வருபவை.

கட்டணத்தைக் குறைவாக வையுங்கள். மருந்துச் செலவு ஏற்கெனவே அவர்களை அழுத்திக்கொண்டிருக்கிறது. ப்ரூக்ளின் வகுப்பு இலவசமாகவே நடக்கிறது. ஒரு மாதம் நடத்தி நிறுத்திவிடுவதாக இருந்தால் தொடங்காதீர்கள். வருகிறவர்கள் அந்த நாளை எதிர்பார்த்து வாரத்தை நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

வகுப்பு முடிந்த கையோடு உடல் லேசாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள், அது சில மணி நேரம் நிற்கும். நடையிலும் சமநிலையிலும் மாற்றம் தெரிய, வாரம் இரண்டு முறை என்று மூன்று மாதமாவது தொடர வேண்டும். பல ஆய்வுகளும் அந்த அளவில்தான் நடந்திருக்கின்றன. வாரம் ஒன்றுதான் முடியும் என்றால், மற்ற நாட்களில் வீட்டில் பதினைந்து நிமிடம். காய்ச்சலோ பயணமோ வந்து ஒரு மாதம் விட்டுப்போனால், பழைய இடத்திலிருந்து தொடங்காமல், மறுபடி நாற்காலியிலிருந்தே ஆரம்பியுங்கள்.